மீனின் பக்கக் கோடும் நீரோட்டம் அறியும் கருவிகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரைகளுக்குக் குறைவிராது. நமக்கு முன் பேசியவர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டார்கள். ஆதலால் நமக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் அறிவியற் பொருள் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அது மீனைப் பற்றியது. மீனைப் பார்த்து மனிதன் செய்யக் கற்றுவரும் ஒரு கருவியைப் பற்றியது.

கெண்டை மீனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், செவுள் மூடியின் ஓரத்திலிருந்து வால் வரையில் அதன் விலாவில் ஓடும் மெல்லிய கோடு ஒன்றினைக் கண்டிருப்பார்கள். செதில்களில் ஊசியால் துளையிட்டு வரிசையாய்க் கோத்தது போல அது தோன்றும். விரால் மீனில் அக்கோடு சிறிது தூரம் சென்றபின் ஒரு படி கீழிறங்கி, மீண்டும் நேராய்ச் செல்லும். நமது விலங்கியல் நூல்கள் இதனைப் பக்கக் கோடு என்கின்றன. மாணவர்கள் மீனின் படத்தை வரைந்து, அம்புக்குறியிட்டு, அப்பெயரை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். அது எதற்காக அங்கே இருக்கிறது என்ற கேள்வி எழாமலே பெரும்பாலும் தேர்வு முடிந்துவிடுகிறது.

மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அறிஞர்களே அக்கேள்விக்கு நெடுங்காலம் தவறான விடையை வைத்துக்கொண்டிருந்தார்கள். டென்மார்க் நாட்டு உடற்கூற்று அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சன் 17ஆம் நூற்றாண்டில் மீன்களின் தோலில் காணப்படும் துளைகளையும் குழாய்களையும் விவரித்தார். குழாய்களுக்குள் கொழகொழப்பான நீர்மம் இருந்தது. மீனின் உடலோ வழவழப்பானது. எனவே இவை வழவழப்பைச் சுரக்கும் குழாய்கள் என்ற முடிவு எளிதாய்க் கிடைத்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அம்முடிவு நிலைத்தது. 1850இல் ஜெர்மானிய விலங்கியலாளர் ஃபிரான்ஸ் லெய்டிக் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, இக்குழாய்களுக்குள் நரம்புகள் வந்து சேருகின்ற புலனுறுப்புகள் இருப்பதைக் கண்டார். புலன் என்பது உறுதியாயிற்று. எதனை உணரும் புலன் என்பது விளங்கவில்லை. 1908இல் புரூனோ ஹோஃபர் என்பவர் இவ்வுறுப்பு நீரின் மெல்லிய ஓட்டத்தை அறிகிறது என்று சோதனை வாயிலாகக் காட்டினார். பின்னர் டச்சு நாட்டு ஆய்வாளர் ஸ்வென் டைக்கிராஃப், முப்பதாம் ஆண்டுகளில் தொடங்கிய தமது ஆய்வுகளை 1963இல் ஒரு விரிவான கட்டுரையாகத் தொகுத்து, இதனைத் தொலைவிலிருந்தே தொட்டறியும் புலன் என்று விளக்கினார்.

இவ்வளவு காலம் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நாம் கருதுகிறோம். கண்ணும் செவியும் நமக்கு இருக்கின்றன. ஆகவே மீனின் கண்ணையும் செவியையும் தேடினோம். நம்மிடம் இல்லாத ஒரு புலன் மற்றோர் உயிருக்கு இருக்கக் கூடும் என்பது நமக்கு எளிதில் தோன்றவில்லை.

இப்புலன் வேலை செய்யும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். மீனின் தோலின் மேலும், தோலுக்கடியில் ஓடும் குழாய்களுக்குள்ளும் நியூரோமாஸ்ட் எனப்படும் சிறு உறுப்புகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் உணர்மயிர்ச் செல்கள் கூட்டமாய் அமைந்திருக்கின்றன. செல்லின் உச்சியில் நுண்மயிர்கள் படிப்படியாக உயர்ந்து நிற்கும். ஓர் ஓரத்தில் தனியே நீண்ட மயிர் ஒன்று இருக்கும். இவற்றின் மேல் கூழ் போன்ற ஒரு தொப்பி கவிந்திருக்கும். நீர் அசைந்தால் தொப்பி சாயும். தொப்பி சாய்ந்தால் மயிர்கள் வளையும். நீண்ட மயிரின் பக்கமாக வளைந்தால் நரம்பில் துடிப்புகள் கூடும். எதிர்ப்பக்கமாக வளைந்தால் குறையும். ஒரே உறுப்பில் செல்கள் இரண்டு எதிர்த்திசைகளை நோக்கி அமைந்திருப்பதால், நீர் எப்பக்கமிருந்து எப்பக்கம் செல்கிறது என்பதும் மூளைக்குத் தெரிந்துவிடுகிறது.

தோலின் மேலுள்ள உறுப்புகள் நீர் செல்லும் வேகத்தை உணர்கின்றன. குழாய்க்குள் உள்ளவற்றின் நிலை வேறு. குழாய்க்கு வெளியே திறக்கும் துளைகள் வரிசையாய் உள்ளன. இரு துளைகளுக்கு இடையே ஓர் உறுப்பு. இரு துளைகளிலும் அழுத்தம் ஒரே அளவாயிருந்தால் உள்ளே நீர்மம் அசையாது. ஒன்றில் கூடி மற்றொன்றில் குறைந்தால்தான் அசையும். அதாவது, அழுத்தம் எவ்வளவு என்பதை அன்று, பக்கத்துக்குப் பக்கம் உள்ள வேறுபாட்டையே அது தெரிவிக்கிறது. ஆற்றில் நிலையாக ஓடும் நீரின் பெரும் ஓசைக்கிடையே, அருகில் துள்ளும் ஒரு சிறு பூச்சியின் அசைவைப் பிரித்தறிய மீனுக்கு இவ்வமைப்பு உதவுகிறது. இப்புலனுக்கு எல்லையும் உண்டு. சிறு பொருளொன்று நீரில் அதிரும்போது, தூரம் இருமடங்கானால் நீரின் அசைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே மீனின் உடல் நீளத்தைப் போல் ஓரிரு மடங்கு தொலைவுக்குள்தான் இது நன்கு பயன்படும்.

அவ்வளவுதானா என்று அலட்சியமாக எண்ணிவிட வேண்டாம். 1976இல் ஸ்காட்லாந்தில் ஓர் ஆய்வு நடைபெற்றது. கூட்டமாய் நீந்தும் ஸேத் என்னும் கடல்மீனின் கண்களை மறைத்துக் கூட்டத்துக்குள் விட்டார்கள். அது தன் இடம் மாறாமல் மற்றவற்றோடு சேர்ந்து நீந்தியது. கண்ணை மறைத்ததோடு பக்கக் கோட்டின் நரம்பையும் துண்டித்தபோதுதான் அதனால் கூட்டத்தோடு செல்ல இயலவில்லை. மெக்சிகோ நாட்டின் சுண்ணாம்புக் குகைகளில் தலைமுறை தலைமுறையாக இருளில் வாழ்ந்து கண்களை இழந்துவிட்ட மீன்கள் இருக்கின்றன. அவை சுவரில் மோதுவதில்லை. தாம் நீந்துவதால் தம்மைச் சுற்றி உண்டாகும் நீரசைவு, சுவரருகே மாறுபடுவதைத் தோலால் உணர்ந்து திரும்பிவிடுகின்றன. 2001இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஐரோப்பியக் கெளுத்தி ஒன்று முழு இருளில் சிறு மீன்களை வேட்டையாடுவதைப் படம் பிடித்தார்கள். இரை நேராக எங்கே இருக்கிறது என்று அது தேடவில்லை. இரை நீந்திச் சென்ற வழியில், பத்து விநாடிக்கு முன் விட்டுச் சென்ற நீர்ச்சுழல்களைத் தடம் பற்றிச் சென்று பிடித்தது! மணலில் காலடி பார்த்துச் செல்வோரை நாம் அறிவோம். நீரிலும் காலடி பதியும் என்பதை அந்தக் கெளுத்தி காட்டியது.

இங்கே ஒரு சிறு விலகல். மேலே சொன்ன உணர்மயிர்ச் செல்கள் மீனுக்கு மட்டும் உரியவை அல்ல. நமது உட்செவியில் ஒலியை உணர்பவையும், தலை சுற்றாமல் நம்மை நிறுத்துபவையும் இதே இனத்துச் செல்கள்தாம். ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகள் மீனின் பக்கக் கோட்டுச் செல்களை அழிக்கின்றன. ஆய்வாளர்கள் இப்புலனை முடக்கிப் பார்ப்பதற்கே அவற்றைப் பயன்படுத்துவதுண்டு. காசநோய்க்கு மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலருக்குக் காது மந்தமானதை இந்த அவையிலுள்ள பெரியவர்கள் பலர் கண்டிருப்பார்கள். நோய் தீர்ந்தது, செவி போயிற்று. அதன் காரணமும் இதுவே. மீனுக்கு அழிந்த செல்கள் சில நாட்களில் மீண்டும் முளைத்துவிடும். மனிதனின் உட்செவியில் அவை முளைப்பதில்லை. இவ்வகையைச் சேர்ந்த கனாமைசின் ஊசியை, மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் இனி பரிந்துரைப்பதில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் அறிவித்தது. மீனின் விலாவை ஆராய்வது வீண் வேலை என்று யாரேனும் சொன்னால் இதனை நினைவூட்டுங்கள்.

இனிக் கருவிக்கு வருவோம். நீருக்கடியில் செல்லும் இயந்திரங்களுக்குக் கண்ணாகக் காமிரா உள்ளது. செவியாக, ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் உள்ளது. கலங்கிய நீரில் காமிரா பயனற்றுப் போகிறது. ஆழமற்ற நீரில் தரையிலும் மேற்பரப்பிலும் எதிரொலிகள் மோதிக் குழம்புகின்றன. இவ்விடத்தில்தான் மீனின் முறை பொறியாளர்களின் கருத்தைக் கவர்ந்தது. ஒலியையோ ஒளியையோ வெளியே அனுப்பத் தேவையில்லை. வரும் நீரை உணர்ந்தாலே போதும்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சாங் லியூ என்பவரின் குழுவினர் 2002இல் செயற்கைப் பக்கக் கோட்டுக்கான உணர்கருவியை வடிவமைத்து வெளியிட்டார்கள். மின்னணுச் சில்லுகள் செய்யும் அதே முறையில் சிலிக்கானில் நுண்ணிய தகடு ஒன்றைச் செதுக்கி, அதன்மேல் மிகச் சிறிய மயிர் ஒன்றைச் செங்குத்தாய் நிறுத்தினார்கள். நீர் மயிரைத் தள்ளினால் தகடு வளையும். தகட்டின் அடியில், வளையும்போது மின்தடை மாறுகின்ற பொருள் பதிக்கப்பட்டிருக்கிறது. மின்தடையின் மாற்றமே நீரோட்டத்தின் அளவு. 2006இல் அவர்களே விலங்கியலாளர்களோடு சேர்ந்து, சூடேற்றிய நுண்கம்பிகளை வரிசையாக அமைத்து வேறொரு வகைக் கருவியைச் செய்து காட்டினார்கள். ஓடும் நீர் கம்பியைக் குளிரச் செய்யும். குளிர்வதை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம். அதிரும் பொருள் எங்கே இருக்கிறது என்பதை அவ்வரிசை கண்டறிந்தது.

ஒற்றை மயிரினால் இது ஆகாது. அருகில் மெதுவாய் அசையும் பொருளா, தொலைவில் வேகமாய் அசையும் பொருளா என்று ஒரு மயிருக்குத் தெரியாது. இரண்டும் அதனை ஒரே அளவு வளைக்கக் கூடும். பல மயிர்கள் வரிசையாய் நின்று, எது மிகுதியாக வளைந்தது, எது குறைவாக வளைந்தது, எது எதிர்ப்பக்கம் சாய்ந்தது என்பதை ஒப்பிட்டால்தான் பொருளின் இடமும் தூரமும் தெளிவாகும். கோடு ஏன் கோடாக இருக்கிறது என்பதற்கு விடை இதுவே.

தொடக்கத்தில் செய்த மயிர்க் கருவிகள் மீனுக்கு நிகராகவில்லை. உடலை ஒட்டியுள்ள நீர்ப்படலம் மெதுவாகவே நகரும். மெல்லிய மயிர் அதில் அகப்பட்டுக்கொள்கிறது. மயிரை நீளமாக்கினால் ஒடிந்துவிடுகிறது. அப்போதுதான், தேவையற்றதென்று விட்டுவைத்த கூழ்த் தொப்பியின் நினைவு வந்தது. 2009இல் வெளியான ஆய்வொன்றில், மயிரின் மேல் நீரேறிய கூழ்ப்பொருளால் தொப்பி செய்து கவிழ்த்தார்கள். கருவியின் உணர்திறன் பன்மடங்கு உயர்ந்தது. இருநூறு ஆண்டுகள் அறிஞர்களைத் தவறான வழியில் இட்டுச் சென்றதும் ஒரு கொழகொழப்புத்தான். கருவியைக் காப்பாற்றியதும் ஒரு கொழகொழப்புத்தான் என்பது சுவையான செய்தி. ஜெர்மனியில் பான் நகரில் ஹார்ஸ்ட் பிளெக்மன் குழுவினர் மயிரை விட்டு, குழாயைப் பின்பற்றினார்கள். ஒளி புகும் சிலிக்கோன் பட்டை ஒன்றைச் செயற்கைக் குழாய்க்குள் நிறுத்தி, அது ஆடும்போது அதன் வழிச் செல்லும் ஒளி மாறுவதை அளந்தார்கள். சிங்கப்பூரில் மெல்லிய பாலிமர் ஏடுகளில் கருவிகளைச் செய்து, வளைந்த உடற்பரப்பில் ஒட்டும் முயற்சிகள் நடைபெற்றன. பீஜிங் பல்கலைக்கழகத்தில், முன்னே செல்லும் இயந்திர மீனைப் பின்னே வருவது பக்கக் கோட்டினால் உணரும்படி செய்தார்கள்.

எஸ்தோனியா நாட்டின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்யா குரூஸ்மா என்ற பேராசிரியையின் தலைமையில் 2009 முதல் 2012 வரை நடந்த பணி தனியே குறிப்பிடத்தக்கது. டிரவுட் மீனின் வடிவில் ஓர் இயந்திர மீனைச் செய்து, அதன் தலையில் அழுத்தம் அறியும் கருவிகளைப் பதித்தார்கள். ஓடும் நீரில் அது எதிர்த்திசை நோக்கித் திரும்பி நிற்கக் கற்றது. தடைப்பொருளின் பின்னே நீர் தணிந்த இடத்தைக் கண்டு அங்கே தங்கி ஆற்றலை மிச்சப்படுத்தியது. உண்மையான டிரவுட் மீன் இதனையே செய்கிறது என்பதை 2003இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். கல்லின் பின்னே மாறி மாறித் தோன்றும் சுழல்களின் ஊடே அது உடலை வளைத்து, தசைகளைக் குறைவாகவே பயன்படுத்தி நிற்கிறது. இறந்த டிரவுட்டும் அச்சுழல்களிடையே சிறிது தூரம் எதிர்நீச்சல் போட்டதைப் பின்னர் கண்டார்கள்! உயிர் செய்வதாக நாம் எண்ணும் வேலையில் எவ்வளவு பங்கு உடலின் வடிவமே செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இடர்ப்பாடுகள் இன்னும் பல. இயந்திரம் வாலை அசைத்தால் அந்த அசைவே கருவியில் பெரிதாய்ப் பதிகிறது. வெளியிலிருந்து வரும் சிறு அசைவு அதில் மூழ்கிவிடுகிறது. மீனின் மூளை தன் அசைவினால் விளைவதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கும் கலையை அறிந்திருக்கிறது. இயந்திரம் அக்கலையை இன்னும் பயின்றுகொண்டிருக்கிறது. கடல்நீரில் உப்பும் பாசியும் கொட்டலசும் கருவியின் மேல் படிந்து அதனைக் குருடாக்குகின்றன. மயிர் ஒடிந்தால் மீனுக்கு முளைப்பது போல் கருவிக்கு முளைப்பதில்லை. மேலும், ஓசையின்றி நீருக்கடியில் பிறரை அறியும் எந்தக் கருவியிலும் போர்த்துறைகள் நாட்டம் கொள்வது இயல்பு. இத்துறையில் நுழையும் இளைஞர்கள் தம் ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்மைப் பெரிதும் கவர்ந்த பயன் ஒன்று உண்டு. ஆறுகளின் குறுக்கே அணை கட்டும்போது, முட்டையிட மேலேறிச் செல்லும் மீன்களுக்காக மீன் ஏணி என்ற படிக்கட்டு அமைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் நீரின் சராசரி வேகம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு என்று கணக்கிட்டு, விதிப்படி இருக்கிறதென்று சான்றிதழும் தருகிறார்கள். ஆயினும் சில ஏணிகளில் மீன் ஏறுவதில்லை. தாலின் ஆய்வாளர்கள், பக்கக் கோட்டைப் போல் அழுத்தக் கருவிகள் வரிசையாய்ப் பதித்த மீன் வடிவ அளவுகோல் ஒன்றை இத்தகைய ஏணிகளுக்குள் இறக்கி அளந்தார்கள். மீன் சராசரியை உணர்வதில்லை. தன் தலையின் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்கிறது, சுழல்களை உணர்கிறது, நீர் தன்னை எப்பக்கம் தள்ளுகிறது என்பதை உணர்கிறது. அணை கட்டியவரின் அளவுகோலில் சரியாயிருந்த ஏணி, ஏறவேண்டிய மீனின் தோலுக்குப் பெருங்குழப்பமாய் இருக்கக் கூடும். ஏணி வைத்தாயிற்று என்று கணக்கெழுதுவது ஒன்று. ஏறுவோருக்கு அது எப்படி இருக்கிறது என்று அளந்து பார்ப்பது மற்றொன்று. இந்த அவையில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நம் நாட்டிலும் இக்கேள்விக்கு இடமுண்டு. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும் உல்லம் மீன், கொள்ளிடத்துக் கீழணையால் தடைப்படுவது பற்றிச் சென்னை மாகாண மீன்துறையினர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதியிருக்கிறார்கள். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் அம்மீன்பிடிப்பு நலிந்தது. 1975இல் கங்கையின் குறுக்கே ஃபராக்கா அணை செயற்படத் தொடங்கியபின், அதற்கு மேலுள்ள ஊர்களில் உல்லம் அரிதாயிற்று; அதனையே நம்பியிருந்த மீனவர்களின் வாழ்வும் நலிந்தது. மேலைநாட்டு மீன் ஏணிகள் பெரும்பாலும் சால்மனையும் டிரவுட்டையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. உல்லமோ மத்தியின் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்து மீன்களுக்கு விலாவில் பக்கக் கோடு கிடையாது. அவற்றின் உணர்குழாய்கள் தலையிலேயே கிளைகிளையாய்ப் பரந்திருக்கின்றன. டிரவுட்டின் விலாவைப் பார்த்துச் செய்த அளவுகோல் உல்லத்துக்காகப் பேச முடியுமா? முடியாதெனில், உல்லத்தின் தலையைப் பார்த்து வேறோர் அளவுகோல் செய்ய வேண்டும். விலங்கியல் படித்தவர் ஒருவரும், இயந்திரவியல் படித்தவர் ஒருவரும், அந்த ஆற்றில் வலை வீசிய ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் அது நடக்கும். மூன்றாமவரை அழைக்க மறந்துவிடுவது வழக்கம். ஆகவே அவரைச் சேர்த்துச் சொல்கிறோம்.

நேரம் முடிந்துவிட்டது. பக்கத்து அறையில் ஆசிரியர்கள் ஒரு கெண்டையையும் ஒரு மத்தியையும் தட்டில் வைத்திருக்கிறார்கள்; கைவில்லைகளும் உள்ளன. கெண்டையின் விலாவில் துளையுள்ள செதில்களை எண்ணிப் பாருங்கள். பிறகு மத்தியைத் திருப்பி, செவுள் மூடியின் மேலும் கண்ணைச் சுற்றியும் கிளைத்திருக்கும் குழாய்களைத் தேடுங்கள். மதிய வெயிலில் மீன் அதிக நேரம் தாங்காது. ஆதலால் உணவுக்கு முன்பே மாணவர்கள் வரிசையாகச் சென்று பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். வணக்கம்.